கண்ணாடியின் மறுமுனை

“பஞ்சை நல்லா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வெளியில உக்காருங்கம்மா, கூப்பிடுதேன்” என்று ஆய்வகத்துப் பெண் சொன்னாள். அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இரத்தம் எப்போதோ நின்றிருக்கும். ஊசி நுழைந்த துளை எத்தனை சிறியது, அது எவ்வளவு விரைவில் அடைபடும் என்பதை அறியாதவள் அல்லள் நான். இருந்தும் விரலை எடுக்கத் துணிவு வரவில்லை. எடுத்தால் பார்க்க வேண்டும், பார்த்தால் பஞ்சின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும், அந்தப் புள்ளியைக் கண்டால் இதே சிவப்புத்தானே கதவுக்கு அப்பால் ஒரு சிறிய பரிசோதனைப் பட்டையின்மேல் துளியாக ஊறிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் வரும், அது வந்துவிட்டால் பிறகு இந்தப் பெஞ்சில் என்னால் நேராக உட்கார்ந்திருக்க இயலாது. நேராக உட்கார்வது எனக்கு முக்கியம். பிள்ளைகளிடம் ஓர் ஆயுட்காலம் முழுவதும் கேட்டுக்கொண்ட ஒன்றை மருத்துவமனை நடைவழியில் நானே கைவிட்டுவிடுவது முறையன்று. பினாயில் நெடி அடிக்கிறது. சக்கரம் ஒன்று தேய்ந்துபோன தள்ளுவண்டியை யாரோ உருட்டிக்கொண்டு போகிறார்கள்; அந்தச் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை முனகுகிறது, முனகும் நேரத்துக்காக என் காது காத்திருக்கிறது. எதிரே ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகை. முதல்முறை வந்த அன்று, பயத்தின் உச்சியில், எழுத்துப்பிழை ஏதும் உண்டா என்றுதான் அந்தப் பலகையை முதலில் பார்த்தேன். பிழை இல்லை. அது ஓர் ஆறுதலாக இருந்தது. அன்று கிடைத்த முதல் ஆறுதலும் அதுவே. இவர் வெளியே வாகை மரத்தடியில் நிற்கிறார். உள்ளே வர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். “ஏட்டி வடிவு, பரீட்சை எழுதுனது நீ, ராத்தூக்கம் போனது எனக்குல்லா” என்று சொல்லிவிட்டு என் கைக்குள் ஒரு வாழைப்பழத்தைத் திணித்தார். பழம் மடியில் கனக்கிறது. பசிக்கவும் இல்லை.

அழுத்திப் பிடி. இதே விரல்கள்தாம் அன்றும் அழுத்திப் பிடித்தன, வேறொருவருடைய கையை. என் நூலடுக்கின் கதவுகளுக்குக் கண்ணாடி மாற்ற மாசானமுத்து வந்திருந்தான். நாற்பது வயதிருக்கும், எங்கள் தெருவில் சன்னல் உடைந்தாலும் சாமிபடத்தின் கண்ணாடி விரிந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவோம். இடப்பக்கக் கதவை முடித்துவிட்டு வலப்பக்கத்துக் கண்ணாடியைத் தூக்கிச் சட்டத்தில் பொருத்தினான். எனக்கு அது ஒரு நூலளவு சாய்வாகத் தெரிந்தது. உண்மையில் சாய்ந்திருந்ததா? இந்த ஒரு கேள்வியை எத்தனை முறை கேட்டுக்கொண்டிருப்பேன்; சாய்ந்துதான் இருந்தது என்று ஒரு நாளும், என் கண் பழக்கமே கோணலைத் தேடுவதுதானே என்று மறுநாளும் விடை வருகிறது. மறுமுனையை நானே பிடித்துக்கொள்கிறேன் என்று போனேன். “வேண்டாம் டீச்சர், நான் பாத்துக்கிடுதேன், நீங்க தள்ளி நில்லுங்க” என்றான். தள்ளி நிற்பது என் இயல்பில் இல்லை. பிடித்தேன், சற்று மேலே தூக்கு என்றேன், தூக்கினான், கண்ணாடி எங்கள் இருவருக்கும் நடுவில் மெல்லிய ஓர் ஓசையுடன் இரண்டாகப் பிளந்தது. என் உள்ளங்கையை ஒரு விளிம்பும் அவன் முன்கையை மற்றொரு விளிம்பும் கிழித்தன. என்னுடையது கீறல். அவனுடையது அப்படியன்று, இரத்தம் முழங்கையிலிருந்து ஒழுகிற்று. நான் பாய்ந்து அவன் கையைப் பற்றி வெட்டுவாயை என் உள்ளங்கையால் அழுத்தினேன். “கையை எடுங்க டீச்சர், தொடாதீங்க” என்றான். பேசாதே என்றேன். “இல்ல டீச்சர், ஒங்க கையிலயும் காயம் பட்டிருக்கு, நான் சொல்லுதத...” என்றான். பேசாதே, கையை உயர்த்திப் பிடி என்றேன், வகுப்பறையின் கடைசி வரிசைவரை போகும் என் குரலில். அவன் உடனே வாயை மூடிக்கொண்டான். நான் அவனுக்குப் பாடம் நடத்தியவள்கூட அல்லள். ஆனால் அந்தக் குரலுக்கு எல்லாரும் அடங்குவார்கள், கண்டக்டர்கள் அடங்குவார்கள், நான் பார்த்திருக்கிறேன். அவன் அடங்கிப்போய்க் கையை உயர்த்திக்கொண்டு நின்ற கோலம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. உதடுகள் மட்டும் அசைந்தன. சொல்ல வந்த சொல் அங்கேயே நின்றுவிட்டது, நான் நிற்கவைத்துவிட்டேன். அடுத்த வீட்டு ஆட்டோக்காரர் வந்து அவனைத் தையல் போட அழைத்துப் போகும்வரை நான் அழுத்திய பிடியை விடவில்லை, இரண்டு பேருடைய இரத்தமும் என் மணிக்கட்டில் ஒரே கோடாக இறங்கிக் காய்ந்தது.

அந்தக் கோடு. சோப்புப் போட்டுக் கழுவினேன், காயத்துக்கு மஞ்சள் வைத்தேன், சோறு வடித்தேன், உடைந்த சில்லுகளைப் பெருக்கினேன், நிம்மதியாக இருந்தேன் என்பதுதான் வியப்பு. ஒரு நல்ல காரியம் செய்த நிறைவுகூட இருந்தது. விளக்கு வைக்கும் வேளையில் அவன் வந்தான். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். கூலி வாங்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். “டீச்சர், ஒரு விசயம் சொல்லணும், கோவிச்சுக்கிடக் கூடாது” என்றான். பிறகு வெகுநேரம் கேட்டின் கொண்டியைத் தூக்குவதும் போடுவதுமாக இருந்தான், தூக்குவான், போடுவான். “நான் பெரியாஸ்பத்திரியில மாத்திரை சாப்பிடுதேன். அந்த வியாதிக்கு. வருசக்கணக்கா. எம் பொண்டாட்டியத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. காலையில சொல்லத்தான் வந்தேன் டீச்சர், நீங்க பேசாதன்னுட்டிய.” அந்த வியாதி என்றால் எந்த வியாதி என்று நான் கேட்கவில்லை. கொண்டி கையைவிட்டு விழுந்த ஓசையிலேயே விளங்கிவிட்டது. “இப்பவே போணும், நாளைக்குன்னு வைக்கக் கூடாது, சீக்கிரம் மாத்திரை போட்டா ஒண்ணும் ஆவாதுன்னு எங்கள உக்கார வச்சுச் சொல்லியிருக்காவ. ஆட்டோ நிக்கி. நான் கூட வாரேன்.” போனோம். ஆட்டோவில் அவன் ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலும் இருந்தோம், நடுவில் இன்னொருவர் உட்காரலாம்போல இடம் இருந்தது. அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன், நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று. அவன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். “நீங்கன்னு சொல்லாதீங்க டீச்சர். நீன்னே சொல்லுங்க. நீங்கன்னா, என்னமோ ஒதுக்கி வச்ச மாதிரி இருக்கு.” மரியாதை என்றுதான் நான் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன். மரியாதைக்கும் தொலைவுக்கும் நடுவே நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை, அவனுக்குத் தெரிந்திருந்தது.

பணியிலிருந்த இளைய மருத்துவர் முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கச் சொன்னார். பெரிய மாத்திரை, தொண்டையில் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு இறங்கியது. மறுநாள் காலையில் இந்த மையத்தின் ஆலோசகர் பெனிட்டா எனக்கும் இவருக்கும் எல்லாவற்றையும் விளக்கினாள். என் கடைசி வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும், ஆனால் அவசரமில்லாத பேச்சு. மாசானம் என் அருகில் உட்கார்ந்து, “என்னப் பத்தி எல்லாத்தையும் டீச்சர்ட்டயும் சார்ட்டயும் சொல்லிருங்க மேடம்” என்றான். அவன் மருந்தை ஒரு நாளும் தவறவிட்டதில்லை, அவன் இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி கருவிக்கே தட்டுப்படாத அளவுக்கு அடங்கியிருக்கிறது, ஆகவே ஆபத்து மிகமிகக் குறைவு, ஆனாலும் காயத்தோடு காயம் பட்டிருப்பதால் ஒரு மாதம் மாத்திரையை முடித்துவிடுவோம், பிறகு இடைவெளி விட்டுவிட்டுப் பரிசோதிப்போம் என்றாள். மிகமிகக் குறைவு. அறிவுக்கு இது போதுமானது. அறிவு அதை வாங்கி வைத்துக்கொண்டது, உடம்புதான் வாங்கவில்லை. காலையில் வாயைக் கொப்பளிக்கும்போதே விரல்கள் தாடைக்கு அடியில் கட்டி தேடத் தொடங்கிவிடும். தேடித் தேடியே அங்கே வலி வந்தது, வலி வந்ததால் மேலும் தேடினேன். நாக்கில் ஒரு புண் வந்தது, அது காரக்குழம்பு செய்த வேலை. மழைக்காலத்தில் தெருவுக்கே வந்த காய்ச்சல் எனக்கும் வந்தபோது, இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். மாத்திரையால் குமட்டல், இரைச்சலான கனவுகள். ஒரு கனவில் பிள்ளைகள் எல்லாரும் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார்கள், நான் கீழே போடச் சொல்ல மறந்துவிட்டேன். என் தம்ளரைத் தனியே வைத்தேன். என் துண்டைத் தனியே காயப்போட்டேன். தேவையில்லை என்று பெனிட்டா சொல்லியிருந்தாள், தொடுவதாலோ சேர்ந்து உண்பதாலோ ஒன்றும் ஆகாது என்று பாடப்புத்தகத்திலேயே இருந்தது, நானே அதைப் பலகையில் எழுதியிருக்கிறேன். எழுதியவள் தன் தம்ளரைத் தனியே கவிழ்த்து வைத்தாள். இவர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் என் தம்ளரில் மிச்சமிருந்த காப்பியை எடுத்து என் கண்முன்னாலேயே குடித்துவிட்டு, “சீனி கம்மி” என்றார். நான் பதறினேன். “சும்மா கெட. அந்தப் பிள்ள சொன்னத நானுந்தான் கேட்டேன். நாப்பது வருசம் ஒன் திட்டைக் குடிச்சே ஒண்ணும் ஆவல, எச்சிக் காப்பி என்ன செஞ்சுரும்?” அன்று நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன். அழவில்லை. தம்ளர்களை ஒன்றாக அடுக்கி வைத்தேன். மாசானத்தைப் பற்றி அவர் ஒரேயொரு முறைதான் பேசினார்: “அவன் சொல்லாம இருந்திருந்தா நமக்குத் தெரியவா போவுது? வந்து சொல்லிருக்கான் பாரேன்.” வெளியில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை, ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்த மனிதர், பிறர் மூட்டையைப் பிரித்துப் பார்க்காதவர்.

பெஞ்சில் இடம் கேட்டு இருவர் வருகிறார்கள்; நிறைமாதமாகத் தோன்றும் ஒரு பெண்ணும் அவளுடைய மாமியாரும். நகர்ந்து உட்கார்கிறேன், பஞ்சை விடாமல். “இங்க எதுக்கு நம்மள உக்காரச் சொல்லுதாவ? போர்டப் பாத்தா வேற மாரில்லா இருக்கு” என்கிறாள் மாமியார். “மாசமா இருக்க எல்லாருக்கும் எடுக்காங்கத்தே. எல்லாருக்கும்.” “எங்க காலத்துல இப்படியா உறிஞ்சுனாவ? நானும் நாலு பெத்தேன், ஒரு சொட்டு எடுக்க விடல.” “நீங்க எங்க விடுவிய, நர்சு கையக் கடிச்சியளாமே, மாமா சொன்னாவ.” மாமியார் சிரிப்பை அடக்க முந்தானையை வாய்க்குக் கொண்டுபோகிறாள், பிறகு என் பக்கம் திரும்புகிறாள். “ஒங்களுக்கு என்னம்மா?” இதே கேள்வி சென்ற முறையும் வந்தது, வேறொரு பெஞ்சுத் துணையிடமிருந்து, சர்க்கரை பார்க்க வந்தேன் என்று சொன்னேன், அதன்பின் வீடு போய்ச் சேரும்வரை அந்தப் பொய் நாக்கில் மாத்திரையைப் போலக் கசந்தது. இன்று, கையில் ஒரு காயம் பட்டது, அதற்காக மருந்து சாப்பிட்டேன், எல்லாம் சரியாகிவிட்டதா என்று பார்க்க வந்திருக்கிறேன் என்கிறேன். இது முழு உண்மை. அதில் மற்றவருக்குரிய பகுதி மட்டும் இல்லை. “சரியாயிருக்கும், ஒங்க மொகத்துல தெளிச்சி இருக்கு” என்கிறாள் அவள், இரத்தம் பரிசோதிக்கும் கருவிக்கும் இல்லாத உறுதியுடன். முகம் தெரியாத ஒருத்தியின் இந்தச் சொல்லை ஏன் என் மனம் பிரசாதத்தைப்போல் இரு கைகளாலும் வாங்கிக்கொள்கிறது? ஒரு கை பஞ்சைப் பிடித்திருக்கிறது. ஆனாலும் இரு கைகளாலும்தான். இப்படி வாங்கி வைத்துக்கொண்டவை எத்தனை. ஊசி போடும்போதெல்லாம் “ஒரு எறும்பு கடி” என்று சொல்லும் ஆய்வகத்துப் பெண், ஒரு மாதம் முடிந்த அன்று “மாத்திரைய ஒழுங்கா முடிச்சுட்டீங்களே, நல்ல மாணவி” என்று என்னைப் பார்த்தே சொன்ன பெனிட்டா. நான் எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லாமல் விட்டிருப்பேன் என்று அப்போது நினைத்தேன், உடனே அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டேன், இனிப்பைக் குழந்தை வைத்துக்கொள்வதுபோல.

இன்னும் கூப்பிடவில்லை. முந்தைய பரிசோதனைகளில் எல்லாம் கிருமி இல்லை. இனிமேல் மாறுவதற்கு வாய்ப்பு அநேகமாக இல்லை என்று பெனிட்டா சென்ற முறையே சொன்னாள். அநேகமாக. அந்தச் சொல்லின் ஓரத்தில் முந்தானை மாட்டிக்கொண்டதுபோல ஒவ்வொரு நாளும் மாட்டிக்கொண்டு நின்றேன்; விடுவித்துக்கொண்டு நான்கு அடி வைத்தால் மறுபடியும் மாட்டும். ஆனால் இந்தப் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருப்பது என் பொருட்டான பயம் மட்டுமன்று. ஒவ்வொரு பரிசோதனை முடிந்ததும் மாசானம் தொலைபேசியில் கேட்பான். நன்றாக இருக்கிறது என்பேன். சரி டீச்சர் என்பான், வைத்துவிடுவான். கண்ணாடி போட வா என்று சென்ற முறை கூப்பிட்டேன். “கடைசி டெஸ்ட்டும் முடியட்டும் டீச்சர். அதுவரைக்கும் ஒங்க வீட்டு நடையில காலெடுத்து வைக்க என்னால ஏலாது. ஒருவேளை என்னால ஒங்களுக்கு...” அதற்குமேல் அவன் பேசவில்லை, பேசாதே என்று யாரும் சொல்லாமலே. எங்கள் தெருவில் யார் வீட்டுக்கும் அவன் இப்போது வருவதில்லை; பக்கத்துத் தெருவிலும் இல்லையாம், வேலைக்கு ஊருக்கு வெளியே எங்கோ போகிறானாம். என் நூலடுக்கின் வலப்பக்கக் கதவு இன்னும் வெறும் சட்டமாகத்தான் இருக்கிறது. வேறு ஆளை அழைக்கலாமே என்று வருகிறவர்கள் சொல்வார்கள். மாட்டேன் என்பேன், காரணம் சொல்ல மாட்டேன். கண்ணாடி இல்லாத அந்த வழியாகத் தூசி படிகிறது, தினமும் துடைக்கிறேன். துடைக்கும்போது அந்தச் சட்டத்துக்குள் கையை விட்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவன் நினைவு வரும். தன் பிழைப்பையே என் வீட்டுக் கேட்டருகே கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொண்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தானே, நான் ஒரு வார்த்தை வெளியே விட்டிருந்தால் இந்த ஊரில் எந்த வீடு அவனை உள்ளே விட்டிருக்கும்? இன்று முடிவு வேறாக வந்தால் எனக்கு மாத்திரை இருக்கிறது, இவர் இருக்கிறார், பெனிட்டா இருக்கிறாள், அவன் வாழ்வதுபோல நானும் வாழ்வேன். இதை என்னால் இப்போது சொல்ல முடிகிறது, ஆறு மாதங்களுக்கு முன் முடியாது. ஆனால் அவனால் தாங்க முடியாது. சொன்னதற்காக இல்லை, சொல்ல முடியாமற்போன அந்தச் சிறிது நேரத்துக்காக அவன் தன்னையே தண்டித்துக்கொள்வான். அந்தச் சிறிது நேரம் அவனுடையது அன்று, என்னுடையது. ஆகவே நன்றாக இருக்க வேண்டும். எனக்காகவும்தான், பொய் சொல்வானேன்; ஆனால் அவன் மறுபடியும் இந்தத் தெருவுக்குள் சைக்கிளில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு மணியடித்தபடி வருவதற்காகவும் நன்றாக இருக்க வேண்டும்.

“சங்கரவடிவு அம்மா.” எழுகிறேன். பழம் மடியிலிருந்து உருண்டு விழுகிறது, மாமியார் எடுத்து வைத்துக்கொண்டு, போங்க போங்க என்று கையசைக்கிறாள். பெனிட்டாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்த பிறகும் நான் பஞ்சை விடவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கிறாள், சுற்றி வளைக்கவில்லை. “கிருமி இல்லைம்மா. இதோட முடிஞ்சது. நீங்க இனி வர வேண்டாம்.” அவள் மேலும் ஏதோ சொல்கிறாள், வாழ்த்துப்போல, எனக்கு அந்தத் தேய்ந்த சக்கரத்தின் முனகல்தான் கேட்கிறது, நடைவழியின் கடைசியில், தொலைவில், அது எவ்வளவு இனிமையாக இருக்கிறது. நன்றி என்கிறேன். அது போதவில்லை, மறுபடியும் நன்றி என்கிறேன், அதுவும் போதவில்லை.  “பஞ்சப் போட்டுரலாம்மா” என்று சிரிக்கிறாள் பெனிட்டா. எடுத்துப் பார்க்கிறேன். ஒரு புள்ளி. காய்ந்துவிட்டது. வெளியே வருகிறேன். வாகை மரத்தடியில் இவர் என்னைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குகிறார். அவருக்கு விரலால் ஒரு சைகை செய்கிறேன், வகுப்பில் முதலாவதாக வந்தவனுக்கு நான் செய்யும் அதே சைகை, அவர் துடைப்பதை நிறுத்தவில்லை, துடைத்துக்கொண்டே இருக்கிறார். அவரிடம் போவதற்கு முன், மருத்துவமனை மதிலோரம் நின்று, மாசானத்தின் எண்ணை அழுத்துகிறேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறான், ஆனால் குரல் இல்லை. மூச்சு கேட்கிறது, எங்கோ லாரி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு போவது கேட்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்கிறேன், கடைசியும் முடிந்தது, ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன். அப்போதும் குரல் இல்லை. அந்த மௌனம் எனக்குத் தெரிந்த மௌனம், கையை உயர்த்திக்கொண்டு நிற்கும் மௌனம். கையைக் கீழே போடச் சொல்ல நான் மறந்துவிட்டவன் இவன் ஒருவன்தான். “பேசு, மாசானம்” என்கிறேன். “நீ பேசு. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.” முதலில் ஒரு செருமல் வருகிறது. பிறகு மூக்கை உறிஞ்சும் ஒலி. பிறகு, “நாளைக்குக் காலையில வாரேன் டீச்சர்” என்கிறான், “எடது பக்கக் கதவுதான?” வலது என்கிறேன். “ஆமா, வலது, வலது” என்று சிரிக்கிறான், சிரிப்பு நடுவில் உடைகிறது, சேர்ந்துகொள்கிறது. “இந்தத் தடவை மறுமுனைய சார் பிடிக்கட்டும் டீச்சர். நீங்க தள்ளி நிக்கணும்.” நிற்கிறேன் என்கிறேன். இவர் மரத்தடியிலிருந்து என்னை நோக்கி நடந்து வருகிறார். மாசானம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான், கண்ணாடியின் கனத்தைப் பற்றி, புதிதாக வந்திருக்கும் பசையைப் பற்றி, தன் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி, நான் நடுவில் ஒரு சொல்லும் சொல்லவில்லை.